கஸ்பாரின் பசி

எங்கள் சாளைத்துறையில் கச்சான் காற்று ஓய்ந்து, கடல் எண்ணெய் தடவிய தலைபோல் படிந்து கிடந்த ஒரு பருவத்தில், தூரதேசங்களில் இருக்கிறவர்களின் பசிகளெல்லாம், படித்தவர்கள் ஜெல்லிமீன் என்கிற சொறிமுட்டைகளாகக் கரைக்கு வந்து சேர்ந்தன. அதில் முதலாவதைத் தொட்டவள் மீன் விற்கிற மிக்கேலம்மாள், தொட்ட கை தடித்து அரிக்கத் தொடங்குவதற்கு முன்பே, சர்க்கரை வியாதிக்குப் பயந்து இனிப்புப் பக்கமே போகாமல் இருந்த அவளுக்கு, நெய் வடிகிற கோதுமை அல்வாவை இலைத்துண்டோடு வழித்துத் தின்ன வேண்டும் என்று நாக்கு தவித்தது.

அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்த ஈரமணலிலேயே உட்கார்ந்து யோசித்தாள். தனக்கு இந்த ஆசை வர நியாயமில்லை, யாருக்கோ வந்தது தன் வாய்க்குள் இறங்கியிருக்கிறது என்று பட்டது. வேறொருத்தியாக இருந்தால் கோயிலுக்கு ஓடியிருப்பாள், மிக்கேலம்மாள் மடியிலிருந்த போனை எடுத்து, மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிற மகன் டைட்டஸைக் கூப்பிட்டு, “ஏல, ஒனக்கு அல்வா கேக்குதா?” என்றாள். டைட்டஸ், அறையில் கூட இருக்கிறவன் ஊரிலிருந்து அல்வா கொண்டுவந்ததையும், தான் டூட்டி முடிந்து வருவதற்குள் எல்லாருமாகத் தின்று டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டதையும், காலையிலிருந்து அதே நினைப்பாக இருப்பதையும் சொல்லி, உனக்கு யார் சொன்னது என்று கேட்டான். சொறிமுட்டை சொன்னது என்று பதில் சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனாள். எங்கள் ஊர் அதைக் கண்டுகொண்ட விதம் அவ்வளவுதான்.

சொறிமுட்டை எங்களுக்குப் புதியதல்ல. கஞ்சித்தண்ணீர் நிறத்தில் குடைபோல் விரிந்து சுருங்கும், விளிம்பிலிருந்து நூல் நூலாகத் தொங்கும், வலையோடு ஏறினால் கைகாலெல்லாம் தடித்துவிடும் என்பதால் அதைத் திட்டாமல் தண்ணீரில் விட்டெறிந்த ஆள் எங்களில் கிடையாது. அந்தப் பருவத்தோடு திட்டுவதை நிறுத்தினோம். விடிந்ததும் பெண்கள் முழங்கால் ஆழத்தில் போய் நிற்பார்கள், எது வந்து முதலில் காலை உரசுகிறதோ அது அவரவருடையது, அதை வாளியில் ஏந்தி வந்து, மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி விட்டுக்கொள்வார்கள். தண்ணீர் சூடேறாமல் இருக்க ஐஸ் வேண்டும் என்பதால், நான் ராத்திரி வேலை பார்க்கிற ஐஸ் பிளாண்ட் வாசலில் மீன் வண்டிகளுக்கு முன்னால் தூக்குவாளிகளோடு ஒரு வரிசை முளைத்தது. அடுப்பு மூட்டுவதற்கு முன் பெட்டிக்குள் மணிக்கட்டை விட்டுச் சுருக்கென்று ஒரு கடி வாங்கிக்கொண்டால் போதும், குவைத்தில் இருக்கிற மருமகனுக்கு இன்றைக்கு என்ன வேண்டும், மங்களூர் விசைப்படகில் இருக்கிற அண்ணனுக்கு என்ன வேண்டும், சென்னையில் நர்ஸ் படிப்புப் படிக்கிற மகளுக்கு என்ன வேண்டும் என்று உடம்பே சொல்லிவிடும், அதை ஆக்கி அவர்களுக்குப் பதிலாக இவர்கள் தின்றார்கள். அதனால் அங்கே அவர்கள் வயிறு நிறைந்ததா என்றால் இல்லை. ஆனால் போன் வரும்போது முதல் பேச்சாக வருகிற “சாப்பிட்டாச்சா?” என்ற கேள்விக்கு, “ஒனக்கும் சேத்துத்தான்” என்று பதில் சொல்ல முடிந்தது. எங்கள் ஊரிலிருந்து கடல் தாண்டிப் போனவன் எவனும் நலமா என்று கேட்டதில்லை, சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பான், அதற்குள்ளேதான் மற்றதெல்லாம் இருக்கும்.

சிரிப்பும் சண்டையும் இல்லாமல் போகவில்லை. ஆட்டோ ஓட்டுகிற ஒருவன் அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பெட்டியில் கைவிட்டு, ஆட்டீரல் வறுவல் வேண்டும் என்று வீட்டில் வந்து ரகளை செய்தான், அவன் பெண்டாட்டி, “அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு நான் ஏன்வே வறுக்கணும், அவன் மாமியாக்காரிக்குக் கை இல்லையா?” என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். பங்குச் சாமியார் முதல் ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் விசுவாசத்துக்கு ஆகாது என்று பிரசங்கம் வைத்தார். பிறகு படகு மந்திரிக்கக் கடலில் இறங்கியபோது அவர் காலிலும் ஒன்று உரசியது, ராஞ்சியில் கன்னியர் மடத்திலிருக்கிற அவருடைய தங்கைக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய் கேட்டது. அடுத்த ஞாயிறு மன்றாட்டில், தூரத்தில் பசித்திருக்கிறவர்களுக்காகவும் என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் தடிப்புக்கு வினிகர் பாட்டிலை வாசலிலேயே வைத்துவிட்டார். எனக்கு வெளியூரில் யாரும் கிடையாது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன், எல்லாம் என்னை ஒதுக்கிக்கொண்டு போய்விடும்.

ஒன்று மட்டும் யாரும் எடுத்துச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கல்லறைத் தோட்டத்தில் புருஷனை வைத்திருக்கிறவர்கள், பிள்ளையை வைத்திருக்கிறவர்கள், எத்தனை முறை நின்று கடி வாங்கினாலும் அவர்களுக்குக் கிடைத்தது வெறும் அரிப்பு. செத்தவர்களுக்குப் பசி இல்லை.

அதனால்தான், ஊரே தண்ணீரில் நின்றபோது பெர்பெத்துவாள் மணலோடு நின்றுகொண்டாள்.

அவள் புருஷன் கஸ்பார் கணவாய் மீன் பிடிக்கத் தனியாக வள்ளத்தில் போனவன், முந்தின கச்சான் பருவத்தில் திரும்பவில்லை. தெற்கே வெகுதூரத்தில் அவன் வள்ளம் உடையாமல், கவிழாமல், எஞ்சின் நின்று சும்மா மிதந்துகொண்டிருந்ததை வேறு துறைக்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். அதில் வலை இருந்தது, அவன் சட்டை இருந்தது, பெர்பெத்துவாள் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி மூடி திறக்காமல் இருந்தது. திறந்தால் பழைய சோறும் சாளைக் கருவாட்டுக் குழம்பும் புளித்து நுரைத்துக் கிடந்தன. மற்றவர்களெல்லாம் ஆளைத் தேடினார்கள், அழுதார்கள், எந்த நீரோட்டம் எங்கே கொண்டுபோகும் என்று பேசினார்கள். அவளுக்கு ஒரே பேச்சுதான், சாப்பிடாமல் போய்விட்டார்களே என்று. சட்டியைக் கொட்டிக் கவிழ்த்தாள், கழுவவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. படகு கரையேறியதும் மீனை ஏலத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், அதில் தொழில் செய்கிற ஒவ்வொரு ஆளின் வீட்டுக்கும் குழம்புக்கென்று ஒரு கை மீன் ஒதுக்குவோம், அதற்குக் கறிமீன் என்று பேர். கடலில் தொலைந்தவன் வீட்டுக்கும் அது போகும். உடல் கிடைத்து அடக்கம் ஆகும்வரை, உடல் கிடைக்காவிட்டால் அவன் பேரில் அடக்கப் பூசை வைக்கும்வரை போகும். பூசை முடிந்த அன்றைக்குக் கறிமீன் நின்றுவிடும். சட்டம் எதைச் சொன்னாலும் எங்களுக்கு ஒரு ஆள் செத்துப்போவது கறிமீன் நிற்கிற அன்றைக்குத்தான்.

கஸ்பாரின் கறிமீன் அவன் அண்ணன் ரெமிஜியுஸின் படகிலிருந்து வந்தது, தினமும் அவரே பனையோலையில் கோத்து எடுத்துவந்து கதவு நிலையில் மாட்டிவிட்டுப் போவார். கூட வருகிற ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை, இல்லாதவன் பங்கோடு கடலுக்குப் போனால் வலை கிழிகிறது என்றார்கள், பூசையை வைத்து முடியுங்கள் என்றார்கள். ரெமிஜியுஸ் அவர்களிடம் கத்துவார், பிறகு தம்பி பெண்டாட்டியின் வாசலில் வந்து குரலே இல்லாமல் நிற்பார். சொறிமுட்டைகள் வந்த பிறகு ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னார்.

“ஒரே ஒரு கடி வாங்கிப் பாரு பெர்பெத்து. இருக்கான்னா இருக்கான். இல்லன்னா பூசை வப்போம். ரெண்டுல ஒண்ணு தெரியாம என்னாலயும் முடியல.”

“அரிச்சுதுன்னா நான்தான அத்தான் அவுகளக் கொன்னவளாவேன்,” என்றாள் அவள்.

ஆனாலும் அந்த வாரமே இறங்கினாள். ஊர் பார்க்காததுபோல் பார்த்தது. மற்றப் பெண்களின் கால்களை நோக்கிக் குடை குடையாக வந்தவை அவளைச் சுற்றி விலகிப் போயின. வெயில் ஏறிற்று, எல்லாரும் வாளியோடு கரையேறிவிட்டார்கள், மிக்கேலம்மாள் மட்டும் சேலை நனைய நனையப் பக்கத்தில் நின்றாள். கடைசியில் வந்தது சுண்டுவிரல் நகத்தளவு ஒன்று, கண்ணாடிப் பொட்டுபோல், அது கணுக்காலில் பட்டதும் பெர்பெத்துவாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, பழைய சோறு கேட்கிறது என்றாள். சாளைக் கருவாட்டுக் குழம்பு கேட்கிறது என்றாள்.

ரெமிஜியுஸ் நம்ப பயந்தார். காலையிலிருந்து நீ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, இது உன் பசிதான், வீணாக மனசைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். அதற்கு மிக்கேலம்மாள் ஒரு வழி செய்தாள். பெர்பெத்துவாளைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய், சோறும் பாறைமீன் குழம்பும் வறுவலும் போட்டு, போதும் போதும் என்று கையைத் தடுத்தாலும் விடாமல், தொண்டைவரை நிறைந்து மூச்சு முட்டும்வரை தின்னவைத்து, அதன் பிறகு அந்தக் குட்டிச் சொறிமுட்டை இருந்த கிண்ணத்தில் அவள் விரலை விட்டாள். பெர்பெத்துவாளின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

“வயித்துல ஒரு பருக்கைக்கு எடமில்லக்கா,” என்றாள், “ஆனா பசிக்கி. இது எம் பசி இல்ல. அவுகளுக்குப் பசிக்கி.”

அன்றைக்கு ரெமிஜியுஸ் தன் படகு ஆட்கள் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார், என் தம்பி எங்கேயோ பசியோடு உட்கார்ந்திருக்கிறான், அவன் வீட்டுக் கறிமீன் நிற்காது என்று.

அந்தச் சமயத்தில்தான் அங்கயற்கண்ணி என்ற ஆராய்ச்சிக்கார அம்மா ஒரு வேனில் கண்ணாடித் தட்டுகளோடும் குழாய்களோடும் வந்து, பள்ளிக்கூடத்தின் பூட்டிக் கிடந்த அறையில் தங்கினார். சின்ன வயதுதான், ஆனால் முன்தலை நரைத்திருந்தது. வந்த மறுநாள் அவரையும் ஒன்று கடித்தது. நேராகக் கடைக்குப் போய் எள்ளுருண்டை வாங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு தின்றார், யாருடைய பசி என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு அவர் பேச்சு பிடித்துப்போயிற்று. பெட்டிகளைச் சுற்றி நின்ற பெண்களுக்கு அவர் விளக்கினார்: இதற்கு மூளை கிடையாது, குடை விளிம்பில் நரம்பு ஒரு வளையமாக ஓடுகிறது, அவ்வளவுதான், ஆனாலும் இதற்குப் பசி உண்டு, பசித்திருந்தால் விழுதுகள் இரையைப் பிடித்துச் சுருட்டி வாய்க்கு இழுத்துக்கொண்டே இருக்கும், நிறைந்துவிட்டால் நரம்புக்குள் துளியினும் துளியாக ஒரு ரசாயனம் கூடும், அது விழுதிடம் போதும் என்று சொல்லும், பிறகு இரை வந்து ஒட்டினாலும் விழுது இழுக்காது.

“ஈக்குள்ளயும் ஒரு ‘போதும்’ இருக்கு,” என்றார். “அதே மாதிரியானது. ஈயோட ‘போதும்’ங்கிறதை எடுத்துப் பசியா இருக்கிற சொறிமுட்டைக்குக் கொடுத்தா, அதுக்கும் புரிஞ்சுடுது, இழுக்கிறதை நிறுத்திடுது. ஈயும் இதுவும் பிரிஞ்சு எத்தனையோ கோடி வருஷம் ஆச்சு. அதுக்கும் முன்னாடியிலிருந்தே இருக்கிற சொல் அது. மூளை வர்றதுக்கு முன்னாலயே பசி வந்தாச்சு.”

மிக்கேலம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, “அப்ப இதுக்கு வயிறு நெறஞ்சா எம் மவனுக்கும் நெறையுமா?” என்றாள்.

அங்கயற்கண்ணி, தெரியாது, இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுக்கிற ஊரா இது. பிள்ளை பசியோடு இருக்கிறான் என்று தெரிந்தும் ஒருவாய் ஊட்டாமல் இருப்பது எங்கள் பெண்களுக்கு வராத காரியம். அன்று மாலைக்குள் கூனி இறால் அரிக்கிற துணிவலைகளோடு எல்லாரும் ஓடையின் முகத்தில் நின்றார்கள், மண்ணளவு பொடிக்கூனியை உயிரோடு அரித்து வந்து பெட்டிகளில் தூவினார்கள், விழுதுகள் ஆவலாய் அள்ளி அள்ளி வாய்க்கு இழுத்தன, சின்ன வயிறுகள் செம்மஞ்சளாய் நிறைந்தன, பிறகு ஒவ்வொன்றாகத் தளர்ந்து, இரை மேலே வந்து மோதினாலும் கண்டுகொள்ளாமல் மிதந்தன. கைவிட்டுப் பார்த்தார்கள். பசி இல்லை. தொப்புளிலிருந்து ஒரு வெதுவெதுப்பு கிளம்பி உடம்பெல்லாம் பரவியது, அதுதான் போதும் என்பது.

நல்லதுதான் என்று முதலில் தோன்றியது. மஸ்கட்டிலிருந்து டைட்டஸ் வயிறு நன்றாக இருக்கிறதம்மா என்றான், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கனவில்லாமல் தூங்கினேன் என்றான். குவைத் மருமகன் மெஸ் சோறே பழகிவிட்டது என்றான். பெண்கள் காலையும் மாலையும் கூனி தூவினார்கள், ஒரு நாள் தவறினால் பிள்ளையைப் பட்டினி போட்ட பாவம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டு வெளியூர் போனார்கள். அப்புறம் போன்கள் குறைந்தன. வந்த போன்களிலும், அங்கே மழையா, சிக்னல் கிடைக்கிறதா, ரேஷன் கார்டில் பேர் சேர்த்தாயிற்றா என்றெல்லாம் கேட்டார்கள், சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்கவில்லை. எதுவோ குறைகிறது என்று முதலில் பிடிபடவில்லை, உப்பு மறந்த குழம்பைத் தின்றுகொண்டிருக்கிறவள்போல் மிக்கேலம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு விழித்தாள். ஊர்த் திருவிழாவுக்கு விடுப்புப் போட்டிருந்தவர்கள் விடுப்பை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்தார்கள். கோபமில்லை, வருத்தமில்லை, அங்கேயே இருந்துவிடத் தோன்றுகிறது என்றார்கள். அந்த வருஷம் எங்கள் மாதாவின் தேருக்கு வடம் பிடிக்க ஆள் போதாமல், ஐஸ் பிளாண்டிலிருந்து என்னையும் கூட்டுக்காரர்களையும் தூக்கக் கண்ணோடு கூட்டிப்போய் நிறுத்தினார்கள். தேர் பாதித் தெருவில் நின்று நின்று போயிற்று. வடத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது, இத்தனை காலமும் பிள்ளைகளை இந்த மணலோடு கட்டி வைத்திருந்தது எதுவென்று.

கூனி போடுவதை நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, தின்று கனத்துப்போன சொறிமுட்டைகள் பெட்டிக்கடியில் படிந்து, உப்புத் தண்ணீரோடு தண்ணீராய்க் கரைந்துவிட்டன.

கூனி போடாத ஒரே வீடு பெர்பெத்துவாளுடையது. ஊரே ஊட்டிக்கொண்டிருந்தபோது அவளைப் பேசாத வாய் இல்லை. கட்டினவனைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்க்கிறாள் என்றார்கள். ரெமிஜியுஸே ஒரு நாள் கறிமீனை மாட்டிவிட்டு, என் தம்பியை இப்படித் தவிக்கவிடுகிறாயே, உனக்கு மனசு இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அவள் கிண்ணத்திலிருந்து கையை எடுக்காமல்தான் பதில் சொன்னாள்.

“பசிச்சாத்தான் அத்தான் வீட்டு நெனப்பு வரும். வயிறு நெறஞ்சிட்டா அவுக எதுக்கு வரணும்?”

தேர் நின்றுபோன பிறகு அவளைப் பேசினவர்களே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், எப்படி மனசைக் கல்லாக்கிக்கொண்டாய் என்று கேட்டார்கள், அவளிடம் புத்தி இருந்திருக்கிறது என்றார்கள். ஆனால் அதற்குள் கஸ்பாரின் பசி மாறிக்கொண்டு வந்தது.

முன்பெல்லாம் அது வீட்டுப் பசி, அதற்கு ருசி உண்டு, கருவாட்டின் நெடி உண்டு, குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்ற பிடிவாதம்கூட உண்டு. பிறகு குழம்பு போயிற்று, சோறு மட்டும் கேட்டது. பிறகு சோறும் போயிற்று, எதுவானாலும் சரி என்று கேட்டது. ஒரு மத்தியானம் மிக்கேலம்மாள் போனபோது பெர்பெத்துவாள் கதவு நிலையின் மரத்தை நக்கிக்கொண்டிருந்தாள், உப்புக்கு என்றாள். இன்னொரு நாள் ஈரமணலை வாயில் போட்டு, மென்று, துப்பினாள். வேளாவேளைக்கு அவள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், கன்னம்கூட ஒட்டவில்லை. ஆனால் விரலை எடுத்த பிறகும் அந்தப் பசி போகாமல் அவளுக்குள் உட்கார்ந்து, பேர் சொல்லி அழைக்கத் தெரியாத குழந்தைபோல் வெறுமனே கத்திக்கொண்டிருந்தது. அதில் வீடு இல்லை. அதில் அவள் இல்லை. பசி மட்டும் இருந்தது.

அவள் பள்ளிக்கூடத்து அறைக்குப் போய் அங்கயற்கண்ணியிடம், நிறையும்போது வலிக்குமா என்று கேட்டாள்.

“வலிக்காது. கை தளரும், அவ்வளவுதான்.”

“செத்தா?”

அங்கயற்கண்ணி கண்ணாடித் தட்டைத் துடைத்துக்கொண்டே, “அப்பவும் கை தளரும்,” என்றார். “வெளியில இருந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது.”

பெர்பெத்துவாள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கவிழ்த்த இடத்திலேயே கிடந்த தூக்குச்சட்டியை எடுத்து, புளிபோட்டு, சாம்பல்போட்டு, அடியில் காய்ந்து கருத்திருந்ததைச் சுரண்டிக் கழுவினாள். ஓடைக்குப் போய்க் கூனி அரித்து அந்தச் சட்டியில் ஏந்திவந்தாள். கொல்லையில் முருங்கை நிழலில் கிண்ணத்தை வைத்து, எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரல்நுனியில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக ஊட்டினாள். வாசலில் கறிமீனோடு வந்து நின்ற ரெமிஜியுஸ் உள்ளே வரவில்லை. மிக்கேலம்மாள் மட்டும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நிறைந்துவிட்டால் அவனும் நம்ம பிள்ளைகளைப்போல மறந்துவிடுவானே, தெரிந்துமா செய்கிறாய் என்று கேட்டாள்.

“என்னைய மறந்தாலும் மறந்துட்டுப் போறாகக்கா,” என்றாள் பெர்பெத்துவாள். “பசிக்கிதுன்னு கேக்க ஆளில்லாத எடத்துல இருக்காக. என்னால இனிக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது.”

அந்தப் பொட்டளவு உயிர் தின்றது. நூலிழை விழுதுகள் சுருண்டு சுருண்டு வாய்க்குப் போயின, பிறகு நிதானமாயின, பிறகு ஒரு கூனி விழுதில் வந்து ஒட்டியும் அது இழுக்கவில்லை. பெர்பெத்துவாள் விரலை விட்டாள். வெதுவெதுப்பு வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு அதுவும் அடங்கியது. அவள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் சொறிமுட்டையை அலையில் விட்டுவிட்டு வந்து படுத்தாள், பல நாள் எழுந்திருக்கவில்லை, பூசைக்குச் சொல்லி அனுப்புவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. சாமியார் கறுப்பு அங்கியை வெயிலில் போட்டு எடுத்து வைத்துவிட்டார்.

ஆனால் ஒரு காலையில் அவள் நேராகப் படகு கரையேறுகிற இடத்துக்கு வந்தாள். கறிமீன் பிரிக்கிற இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை, ஆட்கள் மீனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

“அவுக பேர்ல மீன் போடுறத நிறுத்திருங்க அத்தான்,” என்றாள்.

ரெமிஜியுஸ் கேட்டார், “அப்ப பூசைக்குச் சொல்லிரவா?”

“பூசை எதுக்கு? அவுக சாப்பிட்டாக. சாப்பிட்ட ஆளுக்கு எதுக்கு மீனு?”

எங்கள் ஊரில் அதற்கு வழக்கம் இல்லை. செத்ததற்காகக் கறிமீன் நின்றிருக்கிறது, சாப்பிட்டுவிட்டார் என்று ஒருவனுக்கு நின்றதில்லை. ரெமிஜியுஸ் கோத்த மீனை நீட்டவும் முடியாமல் போடவும் முடியாமல் வைத்திருந்தார்.

“அத எம் பேர்ல போடுங்க,” என்றாள் பெர்பெத்துவாள். “எனக்குப் பசிக்கி.”

அவர் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்து இறக்கினாள், ஆனால் சாப்பிடவில்லை, அடுப்பை அணைத்து மூடிவைத்துவிட்டு அந்தப் பசியோடு கடலில் போய் முழங்கால் ஆழத்தில் நின்றாள். வாடைக்காற்று எடுத்து நீரோட்டம் தெற்கே திரும்பியிருந்த நேரம், மிஞ்சியிருந்த சொறிமுட்டைகள் கரையை விட்டு வெளிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன, போகிறவை அவள் காலை உரசிக்கொண்டு போயின. இதென்ன கூத்து என்று கேட்ட மிக்கேலம்மாளிடம், இத்தனை காலமும் அவர்கள் பசி நம்மைத் தேடி வந்ததே, நம்முடைய பசி அங்கே போகாதா என்று திருப்பிக் கேட்டாள். மிக்கேலம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிப் பக்கத்தில் நின்றாள், மறுநாள் ஆட்டோக்காரனின் பெண்டாட்டி வந்தாள், அதற்கடுத்த நாள் தெருவே வந்தது. வீட்டில் ஆக்கி மூடிவைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு, உச்சிவெயிலில் பெண்கள் வரிசையாக நிற்பதும், அவர்கள் கால்களுக்கிடையில் கஞ்சி நிறக் குடைகள் விரிந்து சுருங்கிக் கடலுக்குப் போவதும், அவை கண்ணுக்கு மறைந்த பிறகு எல்லாரும் வீடு திரும்பிச் சாப்பிடுவதும் எங்கள் ஊரின் மத்தியான வழக்கமாயிற்று. இப்போதும் அப்படித்தான், சொறிமுட்டை இருக்கிற பருவமென்றால் எங்கள் ஊரில் பெண்கள் சாப்பிட நேரமாகும்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, டைட்டஸ் பேசியதைத்தான் மிக்கேலம்மாள் சொல்வாள். ஒரு நாள் தண்ணீரில் நிற்கும்போதே போன் அடித்தது, எடுத்தாள், மழையைப் பற்றியோ சிக்னலைப் பற்றியோ அவன் கேட்கவில்லை, கிரேன் மேலே தனியாக உட்கார்ந்திருக்கிறேன், இருந்தாற்போல் என்னமோ செய்கிறது என்று சொல்லிவிட்டு, “யம்மா, நீ இன்னும் சாப்பிடலயா?” என்றான். அவள் போனைப் பக்கத்தில் நின்றவர்களிடம் நீட்டிவிட்டாள். அவர்கள் வாங்கி, உங்கம்மா இனிமேல்தான் சாப்பிடுவாள், நீ எப்போல வாற என்று கேட்டார்கள்.

கஸ்பாரிடம் போன் இல்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா, தெரியாது. பெர்பெத்துவாள்தான் எல்லாருக்கும் கடைசியாகக் கரையேறுகிறவள். அன்றைக்கும் அப்படியே, மற்றவர்கள் போன பிறகு வெகுநேரம் நின்றுவிட்டு, சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டு மேலே வந்தவளை, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ரெமிஜியுஸ் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். தினமும் கேட்பதுதான், தினமும் அவள் இல்லை என்பாள். அன்று அவள் நின்றாள், வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

“நான் சாப்பிட்டாச்சான்னு யாரோ கேக்குத மாதிரி இருக்கு அத்தான்,” என்றாள்.

யார் என்று அவர் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவி, தூக்குச்சட்டியில் மூடிவைத்திருந்த சோற்றைத் தட்டில் கொட்டி, குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகுமுன் ஆளில்லாத அந்த வீட்டில் சத்தமாகவே சொன்னாள்.

“இந்தா, சாப்பிடப் போறேன்.”